நான் திருத்திக் கொடுத்த புகார்

வலங்கைமான் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து உஸ்ஸென்று அடித்தார். வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. தைலமும் கற்பூரமும் ஆஸ்பத்திரியும் கலந்த அந்த வாடை ஜன்னல் காற்றில் திரும்பி நேராக என் முகத்தில் விழுந்தது. "மூட்டு வலிம்மா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றார். நினைத்துக்கொள்ள அவர் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுந்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவில், வெயிலில், எங்கே போவது என்று தெரியாதவள்போல நின்றேன். எல்லாப் பக்கமும் பச்சை. கண்ணுக்கு அவ்வளவு நல்லதாக இருந்த அந்தப் பச்சையைப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போகும் தாழ்வாரத்தில் எப்போதும் இந்த வாடைதான். இருபத்து இரண்டு ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் என் துறைக்குப் போகிறேன். மூக்கு பழகிவிட்டது. பழகிப்போன மூக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். எங்கே போய் முடியுமோ தெரியாது.

தமிழ்த்துறைக்காரர்களை மட்டும் ஐயா, அம்மா என்று கூப்பிடுவது எங்கள் கல்லூரி வழக்கம். மற்றத் துறைகளில் சார், மேம். அந்த 'அம்மா'வோடு சேர்ந்து ஒரு வேலையும் என் தலையில் விழுந்தது. ஆண்டுவிழா அழைப்பிதழ், இரங்கல் தீர்மானம், வட்டாட்சியருக்கு மனு, வாட்ச்மேன் மகளின் விண்ணப்பம், பையன்களின் மன்னிப்புக் கடிதம் என்று தமிழில் எது எழுதினாலும் என் மேசையைத் தொட்டுவிட்டுத்தான் போகும். "அம்மா, கொஞ்சம் பாத்துக் குடுங்க." பார்த்துக் கொடுப்பேன். வாக்கியத்தைக் குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்து அனுப்புகிற வேலை. அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். "உங்க தமிழ்ல மெமோ குடுத்தா, வாங்குறவன் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவாம்மா" என்று முதல்வர் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்தப் புகாரை எழுதியவள் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. நன்னிலம் பக்கம் ஒரு ஊர். அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். அவள் கபடிக்காரி; எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிற ஆள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம், விடுதியும் அதிலேயே. அணியில் இருக்கிறவரை படிப்பு. அணியில் யார் இருப்பது என்பதை முடிவு செய்கிறவர் உடற்கல்வி இயக்குநர். நாங்கள் பி.டி. சார் என்போம். முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கேடயங்கள் எல்லாம் அவர் கொண்டுவந்தவை. அந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

காலையில் பயிற்சி முடித்து அவள் என் பொதுத்தமிழ் வகுப்புக்குத் தாமதமாகத்தான் வருவாள். "மணி என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "எதிரணி காலைப் புடிச்சுட்டாங்கம்மா, கோட்டைத் தொட லேட்டாயிருச்சு" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்வதில் பாதியைத்தான் எழுதிக்கொள்வாள். கேட்டால், "மீதி மனசுல இருக்கும்மா" என்பாள்.

புரட்டாசியில் ஒருநாள், முதல் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். "இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா" என்றாள். எல்லாரும் சொல்கிற அதே வார்த்தை. விடுமுறைக் கடிதம் என்று நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

முட்டியில் அடிபட்ட அன்றைக்கு, நானே தேய்த்துவிடுகிறேன் என்று பி.டி. சார் சொன்னது. மற்ற பெண்களைத் தண்ணீர் பிடிக்க அனுப்பியது. சாமான் அறைக் கதவைச் சாத்தியது. கை முட்டியோடு நிற்காதது. "கத்தினா டீமும் இல்ல, சீட்டும் இல்ல" என்றது. பிறகு இன்னும் இரண்டு முறை. எந்தக் கிழமை, எத்தனை மணி, வெளியே எந்த எந்தப் பெண்கள் இருந்தார்கள், வலை எந்த மூலையில் சுருட்டிக் கிடந்தது, அவருக்குக் கடிகாரம் எந்தக் கையில் என்று எல்லாம் இருந்தது. 'சார் சொன்னாங்க' என்று ஆரம்பித்த வாக்கியம் 'அவன் விடல' என்று முடிந்தது. தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டியது. அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தாள்.

படித்து முடித்தபோது என் சிவப்புப் பேனா மூடி திறந்து கையில் இருந்தது.

கல்லூரியின் புகார்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். குழுவுக்குப் புகார் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்: அலுவலகத்தில் தபாலாகப் பதிவாகும், எழுத்தர் படிப்பார், நகல் எடுக்கிற பையன் படிப்பான், செல்போனில் படம் பிடிக்க ஒரு நொடி போதும். மத்தியானத்துக்குள் வெளியே டீக்கடையில் இவளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால், நான் நல்லபடியாக எழுதித் தருகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவளே புதுத்தாளில் எழுதினாள். மேற்படி உடற்கல்வி இயக்குநர் பயிற்சியின்போது என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதால் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எட்டு வரி. ஒரு பிழை இல்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். "இதுல எல்லாம் வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சு."

"அந்த ரூம் வரலையே."

"அதெல்லாம் விசாரணையில நேர்ல கேப்பாங்க. அப்ப சொல்லிக்கலாம். காகிதத்துல வேண்டாம், உனக்குத்தான் நல்லது."

தலையாட்டினாள். அவள் கொண்டுவந்த இரண்டு தாளையும் அவள் கண் முன்னாலேயே பொடிப்பொடியாகக் கிழித்து, கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நீல மை கரைந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நம்பினேன். இப்போது யோசித்தால், காப்பாற்றியது என் கூச்சத்தை. அந்த வார்த்தைகள் தாளில் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் அதை உடம்பில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நடமாடியிருக்கிறாள்.

விசாரணை, கேடயங்கள் இருந்த அதே முதல்வர் அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் நடந்தது. குழுத் தலைவர் வணிகவியல் பேராசிரியர், என்னைவிட மூத்தவர், கண்டிப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் எழுதியிருந்த அதே வரிசையில், கிழமை, மணி, கதவு, வலை, கடிகாரம். ஒரு சொட்டு அழவில்லை. மூச்சுப் பிடித்துப் பாடுகிறவள் அல்லவா. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எதுவும் உன் லெட்டர்ல இல்லையேம்மா?"

"எழுதினேன் மேம்."

"எங்க எழுதியிருக்க? இந்தா, நீயே காட்டு."

தாளை வாங்கி, எட்டு வரிக்குள் தேடினாள். உண்மையாகவே தேடினாள், கீழிருந்து மேலாக ஒரு தடவை. பிறகு என்னைப் பார்த்தாள்.

பி.டி. சார் எதிரே கை கட்டி உட்கார்ந்திருந்தார். "பொண்ணு மாதிரி நினைச்சு வைத்தியம் பாத்தேன் மேம். போன மேட்ச்சுல வெளிய உக்கார வெச்சேன், அந்தக் கோவம். லெட்டர்ல இல்லாததெல்லாம் இப்ப வருதுன்னா, யாரோ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "பயத்துல விட்டுப்போயிருக்கும் மேம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவளுடைய பயம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று மாலை உறுப்பினர் என்ற உரிமையில் விளையாட்டுத் துறைக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். இதற்கு முன்னால் அணியை விட்டுப் போன பெண்கள் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான். கயிற்றை அவிழ்த்தால், வரிசையாக விலகல் கடிதங்கள். சொந்தக் காரணங்களால். உடல்நலக் குறைவு காரணமாக. குடும்பச் சூழல் கருதி. வெவ்வேறு கையெழுத்து, வெவ்வேறு வருடம், ஆனால் நடை ஒன்று. 'தங்கள் மேலான அனுமதியை வேண்டி' என்று கடிதத்தை முடிக்கிற பழக்கம் இந்தக் கல்லூரியில் என் ஒருத்திக்குத்தான் உண்டு.

மூன்று கடிதங்களும் நான் திருத்திக் கொடுத்தவை. ஒன்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. வலங்கைமான் பெண், நான்கு வருடம் முன்பு. அவள் எழுதிக் கொண்டுவந்தது, 'சார் இருக்கிற எடத்துக்கு வர எனக்கு இஷ்டம் இல்ல' என்ற ஒரே வரி. "இப்படியா எழுதுவாங்க? மரியாதையா எழுது" என்று அடித்துவிட்டு, 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் இஷ்டமில்லை என்று கேட்கவில்லை. வாக்கியத்தைப் பார்த்தேன், பெண்ணைப் பார்க்கவில்லை. கோப்பைக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் முதல்வரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: அவள் எழுதியது, நான் திருத்தியது, கிழித்தது, கோப்பில் இருப்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்குக் காபி வரவழைத்தார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முழுசா யாருக்கும் தெரியாது. அப்படி இருக்குறதாலதான் காலேஜ் நடக்குது." காபியைக் காட்டினார். "குடிங்க. தரமதிப்பீட்டுக் குழு வரப்போற நேரம். அவரை அடுத்த வருஷம் வேற பொறுப்புக்கு மாத்திடலாம்னு நிர்வாகத்துல பேசியிருக்கேன். நீங்க சொன்னதை நான் கேக்கல. கேட்டேன்னு வெச்சுக்குங்க, குழு உறுப்பினரே எழுதிக் குடுத்த புகார்னு ஆயிடும். அந்தப் பொண்ணுக்குத்தான் நஷ்டம்."

"அவரு பொண்ணுங்க கூடதான இன்னும் கிரவுண்டுல நிக்கிறாரு?"

"ஒரு மேடத்தைக் கூட நிக்கச் சொல்லியிருக்கேம்மா."

எந்த மேடம் என்று அவர் சொல்லவில்லை. நான் விசாரித்தவரை அப்படி ஒருவரும் இல்லை. எங்கள் கல்லூரியில் பொறுப்பு வாய்க்கால் தண்ணீர் மாதிரி. தலைமடைக்காரர் கையைக் காட்டுவார், நடுவில் இருப்பவர் அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவார், கடைமடைக்கு வரும்போது வெறும் ஈரம்தான் மிஞ்சும். கடைமடையில் நிற்பவள் பத்தொன்பது வயதுப் பெண்.

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். குடித்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்து நான் ஒரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் திருத்தாமல் கொடுத்த ஒரே காகிதம். புகாரை மாற்றியது நான், மூலத்தைக் கிழித்தது நான், அதில் இன்ன இன்ன இருந்தது, அவள் விசாரணையில் சொன்னது எதுவும் புதிதாகச் சேர்த்ததல்ல. குழுத் தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஏன்மா இப்படிப் பண்ணீங்க?" என்றார். கிழித்ததைக் கேட்டாரா, இப்போது எழுதியதைக் கேட்டாரா, நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. குழு உறுப்பினர் ஒருவரே புகாரைத் தயாரித்திருப்பது தெரியவந்துள்ளதால் விசாரணை நடைமுறை செல்லாததாகிறது. அவ்வுறுப்பினர் குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மாணவி விரும்பினால் புதிதாகப் புகார் அளிக்கலாம். யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, நான் எழுதவில்லை. நல்ல தமிழ். பொறுக்கி எடுத்ததுபோல ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. அந்தத் தாளில் எங்கேயும் பி.டி. சார் இல்லை.

அவளைத் தேடிப் போனேன். நூலகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அணிப்பெண்கள் அவளோடு பேசுவதில்லை. பேசினால் அவர்களும் வெளியே உட்கார வேண்டிவரும். சுற்றறிக்கையைப் படித்திருந்தாள்.

"நாம மறுபடியும் குடுக்கலாம். நீ எழுதினது எழுதினபடியே. நான் ஒரு புள்ளிகூடத் தொட மாட்டேன்" என்றேன்.

"ஒரு தடவைதாம்மா எழுத முடியும்." கோபமே இல்லாமல் சொன்னாள். "அன்னைக்கு ராத்திரி முழுக்க எழுதினேன். எழுதுனதும் எல்லாம் வெளிய போயிட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப மறுபடியும் எழுதணும்னா, மறுபடியும் உள்ள போகணும்."

"போலீஸ் ஸ்டேஷன் போவமா? நான் கூட வர்றேன். எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல."

"அப்பாவுக்குத் தெரிஞ்சுரும்மா. அவருக்கு நான் பாடிப் போறதைப் பாக்குறதுன்னா அவ்ளோ இஷ்டம். வயல்ல நின்னுக்கிட்டே போன்ல வீடியோ பாப்பாரு. அது தெரிஞ்சா இனிமே எந்த வீடியோவையும் அவரால பாக்க முடியாது."

நான் வாதாடினேன். சட்டம் சொன்னேன், மற்ற பெண்களைச் சொன்னேன், இனி வரப்போகிற பெண்களைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கு முன்னாடி இருந்தவங்க போனப்ப, அவங்ககிட்டயும் இதைச் சொன்னீங்களாம்மா?" கோப்பைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சீனியர் பெண்கள் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் சும்மா கேட்டிருக்கலாம். அவள் எழுந்து சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவள் அப்பா வந்தார், மாற்றுச் சான்றிதழ் வாங்க. கால் முட்டி சரியில்லை, இனி விளையாட முடியாது, அதனால் இந்தச் சீட்டில் படிப்பது முறையில்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள். நம்பியிருக்கிறார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணுக்குப் போட்ட நீல மருந்து. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிய வைக்க ஆள் சொல்லிவிட்டு வந்தேன், மத்தியானத்துக்குள் போயாக வேண்டும் என்று அலுவலகத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். வழக்கமாக மூன்று நாள் அலையவிடுகிறவர்கள், அன்று அரைமணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். முதல்வரே கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று, கையில் கொடுத்தாராம். "பெரிய மனுஷங்க" என்றார் அவள் அப்பா என்னிடம். நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தது.

பேருந்து நிறுத்தம்வரை குடையோடு கூடவே நடந்தேன். தூறல். அவள் ஒரு தோளில் துணிப்பை, ஒரு கையில் விடுதி வாளி. வாளியை அப்பா வாங்கப் போனபோது தரவில்லை. அவர்தான் பேசிக்கொண்டே வந்தார். திருவாரூரில் ஒரு கல்லூரியில் கேட்டிருக்கிறாராம், வருடத்தின் நடுவில் சேர்ப்பார்களா தெரியவில்லையாம். இல்லையென்றால் அடுத்த வருடம். இல்லையென்றால் சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்தில் கூரை ஒழுகியது. மூவரும் ஒரு மூலைக்கு ஒதுங்கினோம். தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஒரு லாரி போனது. அது போன அமைதியில் அவர் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"உங்களைப் பத்தித்தாம்மா வீட்டுல ரொம்பச் சொல்லும். தமிழம்மா, தமிழம்மான்னு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் படிக்காதவன். முட்டியில அடிபட்டா இவ உக்காருற ஆளு இல்ல. நொண்டிக்கிட்டே பாடிப் போவா. ரெண்டு மாசமா சரியா சாப்புடவும் இல்ல. வேற ஏதாச்சும் உண்டாம்மா இங்க? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விசாரணை நாளன்று பார்த்த பார்வை இல்லை இது. அன்று, சொல்லுங்கள் என்று கேட்ட பார்வை; இது, வேண்டாம் என்றது.

நன்னிலம் பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடித் துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. அது இரண்டு தடவை போய் வருகிற நேரம் எனக்கு இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அவர் கை கூப்பினார். நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கை இரண்டும் ஒட்ட, சேறு போகாத நகங்களோடு. நான் திரும்பக் கூப்பக் கையைத் தூக்கினேன், குடை தடுத்தது. அவள் வாளியோடு முதலில் ஏறிவிட்டாள். படியில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, ஏறுங்க. அம்மாவுக்குக் கிளாஸ் இருக்கும்."